கொழுப்பு டெஸ்ட்: எப்போது வரவேண்டும், வந்த தாளை எப்படிப் படிக்க வேண்டும்

பாம்பன் பக்கம் ஒரு சின்ன லேபில் பதினான்கு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். வலையை இறக்கிப் போட்டுவிட்டு உப்புக் கையோடு வந்தவர்கள், கடல்பாசி எடுக்கக் கிளம்பும் வழியில் எட்டிப் பார்க்கும் பெண்கள், கீழக்கரையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டிலிருந்து நேராக வந்து நிற்கும் பெரியவர்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வரும்போது எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தங்கச்சி, நார்மலா?"

அந்த ஒரு சொல் என் வீட்டிலேயே ஒரு ஆளைச் சாய்த்தது.

அப்பா விசைப்படகில் டிரைவர். சர்க்கரை உண்டு, பீடி உண்டு. 54 வயதில் முதல்முறையாகக் கொழுப்புக்கு ரத்தம் கொடுத்தார். மொத்தக் கொழுப்பு 231, நல்ல கொழுப்பு 34, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 205, கெட்ட கொழுப்பு 156. டாக்டர் மாத்திரை எழுதினார். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். மொத்தம் 158, கெட்ட கொழுப்பு 90. தாளில் ஒரு எண்கூடத் தடித்த எழுத்தில் இல்லை. "எல்லாம் நார்மல்ப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னவள் நான்தான். குணமாகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தியது யாருக்கும் தெரியாது. எட்டு மாதம் கழித்து, விடியக்காலம் மூன்றரை மணிக்குப் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், உட்கார்ந்துவிட்டார். ராமநாதபுரம் கொண்டுபோய், அங்கிருந்து மதுரை. 150 கிலோமீட்டருக்கு மேல். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வந்தார்.

நான் அன்றைக்கு இரண்டு விஷயத்தைச் சொல்லத் தவறினேன். தாளில் அச்சாகியிருக்கும் நார்மல் பொதுவான ஆளுக்கானது, சர்க்கரைக்காரருக்கு 90 போதாது. அந்த 90-ம் மாத்திரையால் வந்த 90, மாத்திரையை விட்டால் ஓடிப்போகும். இந்த இரண்டும் தெரிந்து கொழுப்பு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் நம் ஊர் லேப் தாளில் இருக்கும் கணக்கு, அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம்.

கொழுப்பு உள்ளே என்ன செய்கிறது

ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பது என்றால் தண்ணீர்க் குழாயில் பாசி படிவதுபோல என்று பலர் நினைக்கிறார்கள். நம் கரை ஆட்களுக்கு நான் வேறு மாதிரிச் சொல்வேன். பலகை வள்ளத்துக்குப் பைபர் ஒட்டுகிறோம். மேல்பூச்சில் முடிபோல ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி, பூச்சுக்கும் பலகைக்கும் நடுவில் ஊறி, அந்த இடம் உப்பும். வெளியே தொட்டுப் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். ஒருநாள் அலையில் உப்பல் உடைந்தால்தான் தெரியும். கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். இப்படித்தான் ரத்தக்குழாயின் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள் போய்ச் சேர்கிறது. வருஷக்கணக்கில் ஊறி மேடாகிறது. ஒருநாள் அந்த மேடு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் சில நிமிஷத்தில் உறைந்து வழியை அடைக்கிறது. அதுதான் அட்டாக். இதயத்தில் நடப்பது மூளையில் நடந்தால் பக்கவாதம்.

சர்க்கரை, பிரஷர், பீடி சிகரெட் மூன்றும் அந்தக் கீறலைப் பெரிதாக்கும். அதனால்தான் அதே எல்.டி.எல். 130 ஒருவருக்குச் சும்மா இருக்கும், இன்னொருவரைச் சாய்க்கும். கொழுப்பு கூடினால் தலை சுற்றாது, கை வலிக்காது. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

யார், எப்போது

இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 18 வயதிலேயே முதல் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறது. நம் பக்கம் அந்த வயதில் யாரும் வருவதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலோ, வெளிநாட்டு மெடிக்கலுக்குப் போகும்போதோ ஒருமுறையாவது எடுத்துவிடுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் அட்டாக் வந்திருந்தால், நீங்கள் தள்ளிப்போடவே கூடாது. கண் இமை ஓரத்தில் மஞ்சளாக மேடு தட்டியிருந்தாலும், குதிகால் நரம்பு முண்டு முண்டாகத் தடித்திருந்தாலும் அப்படியே. எல்.டி.எல். 190-க்கு மேல் வந்தால் அது பரம்பரையாக இருக்கலாம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"நான் ஒல்லிதானே" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. என் அம்மா சின்னப்பாலம் பெண்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பாசி எடுத்தவர். உடம்பில் ஒரு பிடி கொழுப்புக் கிடையாது. 51 வயதில் கட்டாயப்படுத்தி ரத்தம் எடுத்தேன். மொத்தம் 246, எல்.டி.எல். 168. டாக்டர் தைராய்டு பார்க்கச் சொன்னார், அது குறைவாக இருந்தது. தைராய்டு மாத்திரை ஆரம்பித்து சில மாதத்தில் எல்.டி.எல். 124-க்கு இறங்கியது. தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பை உடம்பு கழிப்பது மெதுவாகிவிடும். மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களுக்கு எல்.டி.எல். ஏறும். அதனால் 45 தாண்டிய பெண்களுக்கு எண் கூடுதலாக வந்தால், தைராய்டும் பார்த்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எப்போது எடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். காய்ச்சல், ஆபரேஷன், பெரிய நோவு கண்டவர்களுக்குக் கொழுப்பு தற்காலிகமாக இறங்கும். பொய்யான நல்ல செய்தி அது. நன்றாகத் தேறிச் சில வாரம் ஆன பிறகு வாருங்கள். கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும், பிரசவம் ஆகி ஆறு வாரமாவது போகட்டும். கந்தூரி, ஓரியூர் திருவிழா, கிடாவெட்டு என்று விருந்து தின்ற மறுநாளும் வேண்டாம். அதேபோல் டெஸ்ட்டுக்காக ஒரு வாரம் பத்தியம் இருந்துவிட்டு வருவதும் வேண்டாம். நீங்கள் வழக்கமாகத் தின்கிற சாப்பாட்டில் உங்கள் ரத்தம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கப்போகிறோம்.

விசைப்படகுக்காரர்களுக்கு என்னுடைய யோசனை, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். தூக்கம், சாப்பாடு எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கும். மருந்து ஆரம்பித்தாலும் அடுத்த டெஸ்ட்டுக்குள் ஒரு பழக்கம் வந்துவிடும்.

வெறும் வயிறு என்றால் என்ன

அதிகமாகக் குழப்பம் வருவது இங்கேதான். பழைய வழக்கப்படி 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் வரவேண்டும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு வருகிற ஆளுக்கு அது சுலபம். முந்தின நாள் காலையில் கடலுக்குப் போய் ராவெல்லாம் மடி இழுத்து, விடிய இரண்டு மணிக்குப் படகிலேயே மீன்குழம்பும் சோறும் தின்று, ஆறு மணிக்குக் கரை ஏறுகிறவருக்குக் 'காலை வெறும் வயிறு' என்பதே கிடையாது. முன்பெல்லாம் அப்படி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். "டீதான் குடிச்சேன் தாயி" என்று வந்த ஒரு பெரியவரையும் அனுப்பினேன். மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தார், அதுவும் அட்டாக் வந்த பிறகு. அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது அனுப்புவதில்லை. சாப்பிட்டதால் மொத்தக் கொழுப்பும் நல்ல கொழுப்பும் ஏறக்குறைய மாறுவதில்லை. டிரைகிளிசரைடு கொஞ்சம் ஏறும், எல்.டி.எல். கணக்கில் சிறிது குறைந்து தெரியும். அதனால் முதல்முறை பார்க்கச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எடுக்கலாம் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் 2016-ல் சொன்னார்கள், நம் இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் அதையே ஏற்றுக்கொண்டது. சாப்பிட்டு எடுத்ததில் டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும். ஏற்கெனவே டிரைகிளிசரைடு கூடுதல் என்று தெரிந்தவர்களும், பரம்பரைக் கொழுப்பு உள்ளவர்களும் வெறும் வயிற்றில் வருவதே நல்லது. கொழுப்போடு சேர்த்து 'பாஸ்டிங் சுகர்' பார்க்கச் சொல்லியிருந்தால், அதற்காகவாவது சாப்பிடாமல் வரத்தான் வேண்டும்.

எப்படி எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்று ரத்தம் எடுப்பவரிடம் உள்ளதைச் சொல்லி, தாளில் எழுதச் சொல்லுங்கள். பொய் சொன்னால் பாதிக்கப்படுவது உங்கள் கணக்குத்தான்.

வெறும் வயிற்றில் வரும்போது தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். வெயிலில் வற்றிப்போன உடம்பில் ரத்தம் கெட்டியாகி எண்கள் கூடிக் காட்டும், நரம்பும் கிடைக்காது. டீ, கடுங்காப்பி, வெற்றிலை பாக்கு, பீடி எதுவும் வேண்டாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலத் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் ரத்தம் கொடுத்துச் சாப்பிடுகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுவீர்கள். இதை முந்தின நாளே உங்கள் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் மூன்று நாள் நிறுத்திவிட்டு வரவேண்டும்.

நோன்பு மாதத்தில் வருகிறவர்கள் விடியுமுன் சஹர் சாப்பிட்ட நேரத்தைக் கணக்குப் போட்டுப் பின்னேரம் நாலு மணிக்கு வந்தால் 11 மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் அவ்வளவு நேரம் தண்ணீரும் இல்லாத உடம்பு. அவசரம் இல்லையென்றால் பெருநாள் கழிந்து, விருந்தும் அடங்கிய பிறகு வருவதையே நான் விரும்புவேன்.

நாற்காலியில்

வந்ததும் ஐந்து பத்து நிமிஷம் உட்காருங்கள். நின்றால், உட்கார்ந்தால், படுத்தால் ரத்தத்தின் கெட்டித்தன்மை மாறும். படுத்தபடி எடுத்தால் கொழுப்பு கொஞ்சம் குறைந்தே காட்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இறுக்கி வைக்கக் கூடாது. நரம்பைத் தேடிக்கொண்டே மூன்று நிமிஷம் கட்டி வைத்தால் எண் பொய்யாக ஏறும். அப்படி யாராவது செய்தால், "ஒரு தடவை அவிழ்த்துவிட்டு மறுகையில் பாருங்கம்மா" என்று கேட்பது உங்கள் உரிமை. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், நல்ல டெக்னீஷியன் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எடுத்த ரத்தம் அரை மணி நேரம் உறைய வேண்டும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிஷம் சுற்றுவேன். ட்யூபைத் தூக்கிப் பார்த்தால் கீழே கறுஞ்சிவப்பாக உறைந்த ரத்தம், மேலே தெளிந்த நல்லெண்ணெய் நிறத்தில் சீரம். அந்தச் சீரத்தில்தான் டெஸ்ட்.

ஒருநாள் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர், 38 வயது, தொப்பை, குடிப்பழக்கம், சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் ட்யூபைச் சுற்றி எடுத்தேன். சீரம் வெள்ளையாக இருந்தது. பால் என்றால் பால், டீக்கடையில் ஊற்றுகிற பால். பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் காலையில் பார்த்தால், மேலே ஆடை கட்டியிருந்தது. டிரைகிளிசரைடு 900-க்கு மேல். அவரைக் கூப்பிட்டு அந்த ட்யூபைக் காட்டினேன். "இது என் ரத்தமா அக்கா?" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை, அன்றைக்கே டாக்டரிடம் போனார். டிரைகிளிசரைடு 500 தாண்டினாலே கணையம் வீங்கும் ஆபத்து தொடங்கிவிடும், 1000-ஐ நெருங்கினால் அது பெரிய ஆபத்து. அப்படி வந்தவர்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு

மொத்தக் கொழுப்பை முதலில் பார்க்காதீர்கள். நல்லதும் கெட்டதும் சேர்ந்த கூட்டு அது. முதலில் எல்.டி.எல்., அடுத்து நான்-எச்.டி.எல். இரண்டாவது பல தாள்களில் அச்சாகாது, நீங்களே போட்டுக்கொள்ளலாம்: மொத்தத்தில் நல்ல கொழுப்பை, அதாவது எச்.டி.எல்.-ஐ, கழித்தால் வருவதுதான். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் போகக்கூடிய அத்தனை கெட்ட துகளும் அந்த ஒரு எண்ணில் அடங்கும். சர்க்கரை, தொப்பை, டிரைகிளிசரைடு கூடுதலாக உள்ள நம் மக்களுக்கு எல்.டி.எல்.-ஐவிட இதுதான் உண்மையைச் சொல்லும் என்பது என் அனுபவம். சாப்பிட்டு எடுத்தாலும் இது பெரிதாக மாறாது.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 212, நல்லது 36, டிரைகிளிசரைடு 190. நான்-எச்.டி.எல். 212-ல் 36 போனால் 176. எல்.டி.எல். எப்படி வந்தது? பெரும்பாலான லேபில் அதைத் தனியாக அளப்பதில்லை, வில்லியம் ஃப்ரீட்வால்ட் 1972-ல் கொடுத்த சூத்திரப்படி கணக்கிடுகிறோம். டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 38. மொத்தத்தில் நல்லதையும் இந்த 38-ஐயும் கழித்தால் 138. உங்கள் தாளிலும் போட்டுப் பாருங்கள், சரியாக வந்தால் அது கணக்கிட்ட எல்.டி.எல். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு உதவாது, அப்போது எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கும் டெஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள்.

இனி உங்கள் எண் எதற்குக் கீழ் இருக்க வேண்டும்? அந்த 2024 வழிகாட்டுதல்படி, வேறு ஆபத்து இல்லாத ஆளுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழ். சர்க்கரை, பிரஷர் போன்றவை இருந்தால் எல்.டி.எல். 70-க்கும் நான்-எச்.டி.எல். 100-க்கும் கீழ். ஏற்கெனவே அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் என்று வந்தவர்களுக்கு எல்.டி.எல். 55-க்கும் நான்-எச்.டி.எல். 85-க்கும் கீழ். இப்போது அப்பாவின் அந்த 90-ஐப் பாருங்கள். லேப் தாளின் ஓரத்தில் '100-க்குக் கீழ்' என்று ஒரே வரிதான் அச்சாகியிருந்தது. அவர் சர்க்கரைக்காரர் என்பது மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் மேல் இருந்தால் நல்லது. "எனக்கு நல்லது 60 இருக்கே, கெட்டது கூடினால் என்ன" என்ற சமாதானம் மட்டும் வேண்டாம், ஒன்று மற்றதை ரத்து செய்யாது. வி.எல்.டி.எல்., விகிதம் என்று மீதி வரிகள் இருக்கும். அவற்றுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்ஃபிலிருந்து வருகிற தாள்கள் தனிக் கதை. கீழக்கரை, பனைக்குளம், தொண்டி வீடுகளில் ஒருவராவது அங்கே இருப்பார். அந்தத் தாளில் கொழுப்பு 5.6, எல்.டி.எல். 3.7, டிரைகிளிசரைடு 2.3 என்று இருக்கும். "இருநூறு வரைக்கும் இருக்கலாம்னு சொன்னீங்க, மகனுக்கு அஞ்சுதான் இருக்கு" என்று ஒரு அம்மா நிம்மதியாகக் காட்டினார். அது மில்லிமோல் கணக்கு. கொழுப்பு எண்களை 38.67-ஆல் பெருக்க வேண்டும், டிரைகிளிசரைடை 88.57-ஆல். 5.6 என்பது 217, 3.7 என்பது 143, 2.3 என்பது 204. வாட்ஸ்அப்பில் மகன் அனுப்பிய தாளைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் அலகைப் பாருங்கள்.

எல்.டி.எல். போன தடவை 112, இந்தத் தடவை 118 என்று பதறி வருகிறவர்களும் உண்டு. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் அந்த அளவு ஆடத்தான் செய்யும். டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்குகூட ஏறி இறங்கும். ஒரே லேபில், ஒரே மாதிரி நேரத்தில் எடுத்து, போக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

வாழ்நாளில் ஒருமுறை எடுக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது: லைப்போபுரோட்டீன் ஏ, எல்.டி.எல். போன்ற இன்னொரு கெட்ட துகள். வழக்கமான கொழுப்பு டெஸ்ட்டில் அது வராது, தனியாகச் சொல்ல வேண்டும். பரம்பரையாக அமைவது, சாப்பாட்டால் மாறாது. 50-க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். வீட்டில் இளவயதில் அட்டாக் வந்தவர் இருந்தால், காசு கொஞ்சம் கூடினாலும் எடுத்துவிடுங்கள்.

நெஞ்சு வலியோடு லேபுக்கு வராதீர்கள்

இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். நெஞ்சு அடைக்கிறது, இடது கை இழுக்கிறது, தாடை வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே "கொழுப்பு டெஸ்ட் எடுத்துப் பாரு" என்று வந்து உட்காருகிறார்கள். கொழுப்பு டெஸ்ட்டில் அட்டாக் தெரியாது. அந்த நிமிஷம் வேண்டியது ஈ.சி.ஜி. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த முதல் டோஸ் அங்கேயே கொடுக்கிறார்கள். பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு முட்டல், முதுகு வலி, சொல்ல முடியாத அசதி என்றும் வரும். 'வாயு' என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். கடலில் இருக்கும்போது வந்தால் வலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திருப்புங்கள், கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் கூப்பிடுங்கள்.

மாத்திரையும் சாப்பாடும்

மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு. நான் சொல்ல வருவது, ஆரம்பித்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்பதுதான். கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை போட்டால் கல்லீரல் அந்தக் கொக்கிகளைக் கூடுதலாக உண்டாக்கும், ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பு இறங்கும். மாத்திரையை விட்டால் கொக்கி குறையும், சில வாரத்தில் பழைய எண் திரும்பிவிடும். எல்.டி.எல். ஏறக்குறைய 39 இறங்கினால் அட்டாக், பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறையும் என்பது பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது. தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரை மாற்றவோ வழி இருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மருந்து ஆரம்பித்து 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம். எண் இலக்குக்கு வந்த பிறகு ஆறு மாதம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் முதலில் இறாலைத்தான் பழிப்பார்கள். இறாலிலும் கணவாயிலும் கொலஸ்டிரால் அதிகம்தான், ஆனால் எல்.டி.எல்.-ஐ அதிகம் ஏற்றும் வகைக் கொழுப்பு அவற்றில் மிகக் குறைவு. வாரத்தில் ஒருநாள் குழம்பில் தின்பதால் ஒன்றும் ஆகாது. அதை எந்த எண்ணெயில் எத்தனை தரம் பொரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. ரேஷன் பாமாயிலில் பாதி, தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி அந்த ஏற்றும் வகை. ஒருமுறை காய்ச்சிய எண்ணெயை மறுநாள் வடைக்கும் மறுமறுநாள் மீனுக்கும் வைப்பது வேண்டாம். சூடை, நெத்திலி, சாளை எல்லாம் நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் நல்ல மீன். குழம்பு வையுங்கள், தேங்காய்ப் பாலைக் குறையுங்கள். தேங்காய்ப் பாலில் கிண்டும் தொதல் இனிப்பு பெருநாளைக்கு ஒரு துண்டு போதும். கருவாடு கொழுப்பைவிட உப்பால் பிரஷருக்குக் கெடுதல்.

டிரைகிளிசரைடு கூடுதல் என்றால் எண்ணெயைக் காட்டிலும் டீயில் போடும் சர்க்கரையையும், தட்டில் குவியும் சோற்றையும், குடியையும் பாருங்கள். படகில் ஒரு ராத்திரிக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் ஒரு டஜன் கரண்டி சர்க்கரை. அப்பா இப்போது சர்க்கரை போடாத டீதான் குடிக்கிறார். முதல் பத்து நாள் முகத்தைச் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டது. பீடியையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, மீனவர் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே அப்பாவின் ரிப்போர்ட்டுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு தாளின் மேலும் அன்றைக்கு அவர் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் பேனாவால் எழுதிவைக்கிறேன். புது டாக்டரிடம் போனாலும் அந்தக் கவரை நீட்டினால் போதும். நீங்களும் இப்படி ஒரு கவர் வையுங்கள். கடைசித் தாளில் அவருக்கு எல்.டி.எல். 52. அதற்கு மேலே 'மாத்திரையோடு' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். அடுத்த ரத்தம் ஏப்ரல் 20. அன்றைக்குப் படகு கரையில்தான் இருக்கும், தம்பியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு 29 வயது, இதுவரை ஒருமுறைகூட எடுத்ததில்லை.